படிக்காத கொலைகள்

பரணிலிருந்து முதல் அட்டைப்பெட்டியை இறக்கித் திறந்ததும் மகள் அடுக்கடுக்காகத் தும்மினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நாற்பது வருஷத் தூசு, சும்மாவா?

உள்ளே பாக்கெட் நாவல், க்ரைம் நாவல், எ நாவல் டைம், ஊஞ்சல், சூப்பர் நாவல், மாலைமதி, ராணி முத்து. உள்ளங்கை அகலம், சாணித்தாள், நடுவில் துருப்பிடித்த பின். அட்டையில் கத்தி, ரத்தம், தொலைபேசியைக் கையில் பிடித்தபடி திகைக்கும் பெண். இப்படி ஆறு பெட்டி.

"எல்லாம் படிச்சதாப்பா?"

"பாதி" என்றேன். பட்டியல் போட உட்கார்ந்த இரண்டாம் நாளே அந்தப் பாதியும் பொய் என்று தெரிந்துபோனது.

பட்டியல் போடும் ஆசை என்னுடையது அல்ல. திருவேற்காட்டில் நாங்கள் இருந்த ஓட்டு வீடு ஒட்டு வீடாகி, பிறகு மாடி வீடாகி, இப்போது அதையும் இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்திருக்கிறோம். அது முடியும்வரை வாடகை வீடு. மனைவி ஒரே நிபந்தனை போட்டாள்: "எது வேணும்னு எழுதி வைங்க. எழுதாததெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு." கிலோ என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதையும் அவள் விசாரித்து வைத்திருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தது 1984. திருவேற்காடு அப்போது கருமாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றி நாலு தெருவும்தான். ஆடி மாதமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் அது ஊர். மற்ற நாளில் கிராமம். வேலப்பன்சாவடி தாண்டி உள்ளே திரும்பினால் இருபுறமும் வயல். வேல மரக் காடு என்ற பேருக்கு ஏற்ப அங்கங்கே முள் மரங்கள். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவன் சைக்கிள் டைனமோ வெளிச்சத்தை நம்பித்தான் வீடு சேர வேண்டும்.

கோயில் பஸ் நிறுத்தத்தில் இருந்த பெட்டிக்கடையில், வாழைத்தாருக்கும் தினசரிகளுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி, அதில் கிளிப் மாட்டி மாத நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். மாதத்தின் முதல் வாரம் வந்துவிட்டால் போதும், பஸ் வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் எல்லார் கண்ணும் அந்தக் கயிற்றில்தான். "அண்ணே, ராஜேஷ்குமார் வந்துட்டாரா?" என்று யாராவது கேட்பார்கள். கடைக்காரர் தலையைக்கூடத் தூக்காமல், "வியாழக்கிழமை வருவார்" என்பார். ஏதோ சொந்தக்காரர் ஊரிலிருந்து வருகிற மாதிரி.

கோவையிலிருந்து ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், இருவர் சேர்ந்து ஒரு பெயரில் எழுதிய சுபா, ராஜேந்திரகுமார், புஷ்பா தங்கதுரை. அவர்கள் எழுதி அனுப்பினார்கள், ஜி. அசோகன் போன்ற பதிப்பாளர்கள் மாதம் தவறாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். ஆளுக்கொரு துப்பறியும் ஜோடி. ராஜேஷ்குமாருக்கு விவேக்-ரூபலா. பிரபாகருக்கு பரத்-சுசீலா. சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி. அவர்களுக்கு முன்னே சுஜாதாவின் கணேஷ்-வசந்த், அதற்கும் முன்னே தமிழ்வாணனின் சங்கர்லால். சங்கர்லாலுக்குத் தேநீர் இறங்கினால்தான் மூளை வேலை செய்யும். எங்கள் பட்டறை மேஸ்திரியும் அப்படித்தான் என்பதால் அந்தக் கதாபாத்திரத்தில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இந்த மாத நாவல் என்கிற சரக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1908இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வந்தபோதே துப்பறியும் கோவிந்தன் தமிழில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தடித் தடியாக எழுதிக் குவித்தார்கள். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் திரைக்கும் வந்து, எம்.என். நம்பியாருக்கு நல்ல பேர் வாங்கித் தந்தார். ஆனால் அவையெல்லாம் வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்து படிக்கிற கதைகள். 1969இல் ராணி முத்து ஒரு ரூபாய்க்கு ஒரு நாவல் என்று வந்த பிறகுதான் கதை சட்டைப்பைக்கும் பஸ்ஸுக்கும் இறங்கியது. க்ரைம் அந்தத் தடத்தில் பின்னாலேயே வந்து, முன்னால் போனவர்களை முந்திக்கொண்டது.

அன்றைக்குப் படிக்காத புத்தகம் என்று ஒன்று வீட்டில் இருக்க முடியாது. நான் காலையில் வாங்கினால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மில்லிங் செக்‌ஷன்காரர் கைக்குப் போகும். அவரிடமிருந்து வாட்ச்மேனுக்கு. அடுத்த வாரம் அட்டை இல்லாமல், எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். வராமலும் போகும், அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. ஒரு நாவலுக்கு அஞ்சாறு பேர் என்பது குறைந்தபட்சம். அடித்த பிரதியை வைத்து அந்தக் காலத்து வாசகர்களைக் கணக்குப் போடுகிறவர்கள் எங்கள் பட்டறை வாட்ச்மேனை மறந்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கையில் காசு இருந்தால் ஆவடியில் ரயிலேறி மூர் மார்க்கெட் போவோம். பழைய பதிப்புகள், ஓரம் கடித்த மாலைமதிகள், அட்டை கிழிந்த தமிழ்வாணன் எல்லாம் அங்கே குவியலாகக் கிடக்கும். 1985 மே 30 அன்று அது எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழும்பியது. இன்றைக்கும் ஆவடியிலிருந்து போகிற மின்சார ரயில் போய் நிற்கிற இடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பேர். புத்தகம் வாங்கப் போன இடத்தில் இப்போது ரயில் மட்டும் வந்து நிற்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் குனிந்துதான் இருக்கிறார்கள், கையில் இருப்பது மட்டும் வேறு.

சரி, பிறகு எப்படி இத்தனை படிக்காத புத்தகம் சேர்ந்தது?

இதை நானும் மகளும் துப்பறிந்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: படிக்கும்போது அட்டையைப் பின்பக்கமாக மடித்துப் பிடிப்பேன், பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடிக்க வேண்டும் அல்லவா? ஆக நான் படித்த புத்தகத்தின் அட்டையில் முதுகோரம் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். கோடு இல்லையென்றால் படிக்கவில்லை. இன்னொரு தடயம் பஸ் டிக்கெட். இருபதாம் பக்கத்தில் டிக்கெட் செருகியிருந்தால், அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். துருப்பிடித்த பின்னைச் சுற்றித் தாள் விரியாமல் ஒட்டியே இருந்தால் கேள்வியே இல்லை, அந்தப் புத்தகத்தை யாரும் திறந்ததே கிடையாது.

இந்த மூன்று தடயங்களையும் வைத்து ஆண்டுவாரியாக அடுக்கியபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. 1992வரை வெள்ளைக் கோடு விழாத புத்தகம் அபூர்வம். 1994க்குப் பிறகு கோடு விழுந்தது அபூர்வம். "1993ல என்னப்பா ஆச்சு?" என்றாள் மகள், விவேக் ரூபலாவைக் கேட்கிற மாதிரி.

சன் டிவி 1993 ஏப்ரலில் வந்தது. எல்லாரும் அதைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். நியாயமும் இருக்கிறது, எழுத்தாளர்களே அந்தப் பக்கம் போனார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்மதேசம்' தொண்ணூறுகளின் பின்பாதியில் தெருவையே வெறிச்சோட வைத்தது. தேவிபாலா நெடுந்தொடர்களுக்குப் போனார். சுபா இருவரும் பின்னாளில் கே.வி. ஆனந்துடன் சேர்ந்து 'அயன்', 'கோ' என்று திரைக்கதைக்குப் போய்விட்டார்கள். ஆனால் என் வழக்கில் உண்மையான குற்றவாளி வேறு. அந்த ஆண்டுதான் எனக்கு சூப்பர்வைசர் பதவி வந்து, தவணையில் ஒரு மொபெட் வாங்கினேன். பஸ் போயிற்று, பஸ்ஸோடு படிப்பும் போயிற்று. டிவியை மக்கள் திட்டுகிற அளவுக்கு யாரும் மொபெட்டைத் திட்டுவதில்லை.

வாங்குவது மட்டும் நிற்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி, அதே கயிற்றிலிருந்து இரண்டை உருவிக்கொண்டு, ஐந்து ரூபாய் நோட்டுகளை நீட்டிவிட்டுப் போவேன். சாமிக்குப் பூ வாங்குகிற மாதிரி ஆகிவிட்டது. வாங்கியதை மேசைமேல் வைப்பேன். மேசையிலிருந்து அலமாரி, அலமாரியிலிருந்து பெட்டி. 2015 டிசம்பரில் கூவம் எங்கள் தெருவுக்கு வந்தபோது கீழ்த்தட்டில் இருந்தவை நனைந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே செய்தித்தாள் வைத்து மின்விசிறிக்குக் கீழே பரப்பி, ஒரு வாரம் புரட்டிப் புரட்டிக் காயவைத்தேன். படிக்காத புத்தகத்துக்கு இத்தனை சிசுருட்சை எதற்கு என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் பெட்டிகள் பரணேறின.

இப்போது பட்டியலுக்கு வருவோம். மகள் மடிக்கணினியில் கட்டம் போட்டாள்: தலைப்பு, ஆசிரியர், இதழ், மாதம், ஆண்டு, விலை, பக்கம், நிலை, படித்தாச்சா. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

முதல் சிக்கல், இவை புத்தகங்களே இல்லை. மாத நாவல்கள் பத்திரிகையாகப் பதிவு பெற்று வந்தவை. அதனால் சர்வதேசப் புத்தக எண் கிடையாது. கைபேசியில் பட்டைக்கோட்டைக் காட்டினால் விவரம் கொட்டுகிற செயலி எல்லாம் இங்கே வாயடைத்துப் போகும். பத்திரிகை என்பதால் மாதமும் இதழ் எண்ணும் அச்சிட்டிருக்கும் என்று பார்த்தால், அட்டை போன பிரதிகளில் அதுவும் போச்சு. அட்டை இருக்கிறவற்றிலோ மறுபதிப்புத் தொல்லை. ஒரே கதை வேறு வேறு இதழில், வேறு வேறு அட்டையில், சில சமயம் வேறு தலைப்பிலும் வரும். ஒரே இதழில் இரண்டு நாவல். அட்டையில் ஒரு தலைப்பு பெரிதாக, உள்ளே இன்னொன்று இலவச இணைப்பாக. எதை ஒரு வரி என்று எழுதுவது?

அடுத்தது பெயர். ராஜேஷ்குமார் பிறந்தபோது ராஜகோபால். சுஜாதா என்பது ரங்கராஜனின் மனைவி பெயர். புஷ்பா தங்கதுரை பக்தியாகவும் சரித்திரமாகவும் எழுத உட்கார்ந்தால் ஸ்ரீவேணுகோபாலன் ஆகிவிடுவார். 'திருவரங்கன் உலா'வை எழுதியவரும் சிவப்பு விளக்குக் கதை எழுதியவரும் ஒரே ஆள் என்று சொன்னால் என் அத்தை கடைசிவரை நம்பவில்லை. ஒரு ஆளுக்கு இரண்டு பேர், இரண்டு ஆளுக்கு ஒரு பேர் என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் மாறுவேஷத்தில்தான் திரிந்திருக்கிறார்கள்.

பெரிய சிக்கல் கதைதான். எந்தத் துப்பறிவாளர் வருகிறார் என்று குறித்துவைத்தால் பின்னால் தேட வசதி. ஆனால் அதற்குப் புரட்ட வேண்டும். படிக்காத க்ரைம் நாவலைப் புரட்டுவது தெரிந்தே கண்ணிவெடியில் கால் வைப்பது. கடைசி இரண்டு பக்கத்தில் கண் பட்டால் போயிற்று, எல்லாரையும் கூடத்தில் கூட்டி வைத்துக்கொண்டு யாரோ ஒருவரை நோக்கி விரல் நீளும். ராஜேஷ்குமார் கதை இன்னும் ஆபத்து. ஓர் அத்தியாயம் கோவையில் ஒரு கதை, அடுத்த அத்தியாயம் வேறு ஊரில் வேறு கதை என்று இரட்டைத் தண்டவாளமாக ஓடி முடிவில்தான் சேரும். நடுவில் எங்கே திறந்தாலும் குழப்பம்தான் மிஞ்சும். முதல் பத்துப் பக்கத்துக்கு மேல் போவதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டோம். துப்பறிவாளர் அதற்குள் வரவில்லையென்றால் அந்தக் கட்டம் காலி.

இதை எப்படித்தான் முறையாகச் செய்கிறார்கள் என்று தேடியபோது சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனிடம் போய் நின்றேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் இலக்கியத்துக்கு 'ஓ', தமிழுக்கு 31, கதைக்கு 3. அதன்பின் எழுத்தாளர் பிறந்த ஆண்டு; 1900களுக்கு 'என்' என்ற எழுத்து. ஷேக்ஸ்பியர் 1564 என்பதால் 'ஜே64'. ராஜேஷ்குமார் 1947 என்பதால் 'என்47'. அதற்கும் பின்னால் அவர் எழுதிய எத்தனையாவது நூல் என்ற எண். நிறைய எழுதியவர்களுக்கு எட்டு எட்டாகக் கட்டி எண் கொடுக்க வழி வைத்திருக்கிறார் ரங்கநாதன். ஆனால் ஒரே ஆள் 1,500 நாவலுக்கு மேல் எழுதுவார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சுபாவோ இரண்டு பேர், யார் பிறந்த ஆண்டைப் போடுவது? பார்த்துவிட்டு மகள் சொன்னாள்: "நாம ஒண்ணு, ரெண்டு, மூணுன்னே போட்டுக்கலாம்பா."

இந்தக் குப்பையை யாராவது மதித்திருக்கிறார்களா என்ற சந்தேகம் வந்தபோதெல்லாம் நான் நினைத்துக்கொண்டவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். காரைக்குடிக்குப் பக்கத்தில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். நாவல், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று தாளில் அச்சானது எது கிடைத்தாலும் விடமாட்டார். பெரிய நூலகங்கள் தொடத் தயங்கிய மலிவுப் பதிப்புகள் அவரிடம் அலமாரி அலமாரியாக இருந்தன. 1992இல் அவர் காலமானபோது சேர்ந்திருந்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. அது தரமணிக்குப் போவதற்கு முன்னால் இருந்த இடம் எது தெரியுமா? முகப்பேர். எங்கள் வீட்டிலிருந்து அயனம்பாக்கம், நொளம்பூர் வழியாக மொபெட்டில் போனால் அரைமணி நேரம். நான் வாங்கியதைப் படிக்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கூப்பிடு தூரத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்து பழைய நாவல்களுக்கு அட்டை எழுதி, மைக்ரோபிலிம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

மதிப்பு என்பது எங்கிருந்து எப்படி வரும் என்று சொல்ல முடியாது. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இந்தக் கதைகளில் சிலவற்றைத் தொகுத்து ஆங்கிலத்தில் போட்டது. மொழிபெயர்த்தவர் பிரீதம் சக்ரவர்த்தி. அதற்குப் பிறகுதான், பாக்கெட் நாவலைக் கையில் பிடிப்பதே கௌரவக் குறைச்சல் என்றிருந்தவர்கள் பழைய அட்டைகளைத் தேட ஆரம்பித்தார்கள். ஐந்து ரூபாய் நாவலுக்கு இப்போது சிலர் சொல்கிற விலையைக் கேட்டால் கொலை செய்தவனே சரணடைந்துவிடுவான். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. கிலோ கணக்கில் நிற்கிறவளிடம் பிரதிக் கணக்கைப் பேசினால் வேறு ஆபத்து, எல்லாவற்றையும் விற்கச் சொல்லிவிடுவாள்.

பட்டியலில் மகள் போட்ட கட்டங்களுக்கு வெளியே நானாக ஒன்று சேர்த்தேன்: பிணம் கிடந்த இடம். முதல் பத்துப் பக்கத்துக்குள் பிணம் விழுந்துவிடுவது இந்தக் கதைகளின் தர்மம் என்பதால் இதற்கு ஒப்பந்தத்தை மீற வேண்டியதில்லை. சேர்க்கக் காரணம், புரட்டுகிறபோது எங்கள் ஊர் அடிக்கடி கண்ணில் பட்டதுதான். திருவேற்காடு என்று பேர் சொல்லி இருக்காது. "பூந்தமல்லி ஹைரோடைத் தாண்டி", "ஊருக்கு வெளியே ஆள் அரவமற்ற இடத்தில்", "சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் தனி பங்களா". சென்னையில் கொலை செய்கிற எந்த வில்லனுக்கும் அம்பாசடர் காரின் டிக்கியில் பிணத்தைப் போட்டதும் தோன்றுகிற திசைகள் இரண்டு. ஒன்று மகாபலிபுரம் சாலை. இன்னொன்று எங்கள் பக்கம். அந்த ஆள் அரவமற்ற இடத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம், ரேஷன் வாங்கினோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம். பஸ்ஸில் படிக்கும்போது அது உறைத்ததே இல்லை. பிணம் கிடக்கிற இடத்தை வாசித்துக்கொண்டே அதே இடத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்திருக்கிறேன்.

இந்த ஊருக்கு விடம் தீண்டாப் பதி என்று ஒரு பேர் உண்டு. பாம்பு தீண்டி இங்கே யாரும் சாவதில்லை என்பது நம்பிக்கை. விஷம் வைத்துக் கொல்கிற கதைக்கு இடம் சரிப்படாது. ஆனால் கத்திக்கு இடமுண்டு. வேதபுரீசுவரர் கோயிலில் மூர்க்க நாயனாருக்குத் தனி மரியாதை. அவர் இந்த ஊர்க்காரர். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் கரைந்ததும் தெரிந்த தொழிலான சூதாட்டத்தில் இறங்கினார். உள்ளூரில் ஆட ஆள் தீர்ந்ததும் ஊர் ஊராகப் போய்க் குடந்தைவரை ஆடினார். முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பார், பிறகு வரிசையாக ஜெயிப்பார், தோற்றுவிட்டுப் பணம் தர மறுத்தால் சுரிகையை உருவிக் குத்துவார். அதனால்தான் மூர்க்கர். வென்ற பணத்தில் ஒரு காசையும் தனக்கென்று தொடாமல் சமையல்காரர்களிடம் கொடுத்து அடியார்களுக்கு அமுது படைப்பார். சேக்கிழார் இதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். இப்படியொரு ஆளை வைத்து எண்பதுகளில் எந்த மாத நாவல்காரரும் கதை எழுதவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இன்றைக்கு அந்தத் தனி பங்களா எங்கே? சவுக்குத் தோப்பு இருந்த திக்கில் பத்து மாடி. வயல் இருந்த இடத்தில் வில்லா, பொறியியல் கல்லூரி, பல்பொருள் அங்காடி. ஒரு பிணத்தைப் போட வேண்டுமானால் முதலில் வாயில்காவலர் நோட்டில் வண்டி எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தெருவுக்கு மூன்று கேமரா. எங்கள் காவல் நிலையம் 2022இலிருந்து ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கிறது. அன்றைய கதைகளில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் நகரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேருவதற்கே ஓர் அத்தியாயம் ஆகும்.

கதையே மாறித்தான் போயிருக்கிறது. கையில் இருக்கும் எண்பதுகளின் நாவல்களில் பாதிக்கு உயிர்நாடி ஒன்றுதான்: ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குச் சேதி சொல்ல முடியாமல் போவது. ட்ரங்க் கால் கிடைக்காது. தந்தி தாமதமாகும். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதுகில் கத்தி இறங்கும். மகள் ஒன்றின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "இவ ஏன் அவனுக்கு ஒரு மெசேஜ் போடல?" என்றாள். 1995 ஜூலையில் இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு போனபோது எத்தனை கதைக்கருக்கள் அந்த நொடியிலேயே செத்தன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அதற்குச் சளைத்தவர்களா நம்மவர்கள்? சிம் கார்டு, சைபர் மோசடி என்று ராஜேஷ்குமார் இன்னமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். 2016இல் கிண்டிலில் தமிழ் வந்த பிறகு பழைய நாவல்கள் பலவும் மின்னூலாகக் கிடைக்கின்றன. மகளின் கைபேசியில் நாற்பது இருக்கிறது. எத்தனை படித்தாய் என்று கேட்டேன். சிரித்தாள். பரண் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆனால் மின்னூலில் வராதது ஒன்று உண்டு. பட்டியல் போட ஆரம்பித்த பிறகு நான் கதையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். வாசகர் கடிதங்கள். போன மாதக் கதையில் விவேக் இத்தனை சீக்கிரம் கண்டுபிடித்தது சரியில்லை என்று கோபப்படுகிற கும்பகோணத்து வாசகி. மூலம் பவுத்திரத்துக்கு லாட்ஜில் வந்து வைத்தியம் பார்க்கும் டாக்டரின் ஊர்வாரித் தேதிகள். தபாலில் தையல், தபாலில் ஹிந்தி, தபாலில் வசியம். அடுத்த மாதம் இந்தத் தலைப்பில் என்ற அறிவிப்பு. அந்தத் தலைப்பில் நாவல் வந்ததா என்று தேடினால் வந்திருக்காது. அட்டையின் உள்பக்கத்தில் என் கையெழுத்தில் மளிகைக் கணக்கு: துவரம்பருப்பு அரைக் கிலோ, ரின் சோப்பு, மகளுக்குக் கிரைப் வாட்டர். அந்த நாவலை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று துருப்பிடித்த பின் சொல்கிறது. மகள் பிறந்த வருஷம் அது. அவள் அதை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, 'நிலை' என்ற கட்டத்தில் 'நன்று' என்று போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தாள்.

தாள் ஒத்துழைப்பதில்லை. செய்தித்தாள் காகிதத்தில் மரச்சத்து அப்படியே இருப்பதால் வெளிச்சம் பட்டாலே பழுக்கும். ஓரம் அப்பளம் போல நொறுங்கும். ராமபாணப் பூச்சி தின்ற வழி ஒவ்வொரு பக்கமும் ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு, கொலை விசாரணை மாதிரி நேராகப் போகிறது. வேப்பிலையும் வசம்பும் போட்டு மூடுகிறோம். இடமாற்றும் பெட்டியில் தொடர்ச்சியாக எண் போட்டிருக்கிறோம். நான்கு பெட்டி முடிந்தது, இரண்டு பாக்கி. மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை நாளுங்க?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். நேற்று அவளே ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வாசல்படியில் உட்கார்ந்ததை நாங்கள் இருவரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். அந்த வரிசை எண்ணுக்கு 'படித்தாச்சா' கட்டத்தில் என்ன போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

ஐந்தாவது பெட்டியில் மேலாக இருந்தது, திருவல்லிக்கேணி நடைபாதையில் என்றோ வாங்கிய அட்டை போன பிரதி. எந்த இதழ், எந்த ஆண்டு என்று தெரியவில்லை. ஏதோ வாடகை நூலகத்தின் ரப்பர் முத்திரை பாதி அழிந்து கிடந்தது. மகள் மூன்றாம் பக்கத்தைத் திருப்பியவள் சட்டென்று உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். ஒரு பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் யாரோ புண்ணியவான் 'கொலைகாரன் இவன்தான்' என்று எழுதியிருந்தானாம்.

"இதைக் குறிப்புல போடணுமாப்பா?"

போடாமல் விட்டால் பட்டியல் பொய். போட்டால் புத்தகம் போச்சு. கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே தட்டினாள்: 'பக்கம் 3இல் பழைய வாசகர் பென்சில் குறிப்பு உண்டு. அப்பா பார்க்க வேண்டாம்.'

அதை மட்டும் பெட்டியில் போடாமல் என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நாலாம் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளலாம்.